நடுப்பகலில் ஊதிய சங்கு

போன மாதம் நான் முன்பு வேலை பார்த்த சிட்னி அருங்காட்சியகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர்கள் பொருள் பாதுகாப்புக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள். நான் ஓய்வுபெற்ற பிறகு வந்தவர்கள், முகம் பார்த்ததில்லை. அடிமைகளின் எழுச்சிகளைப் பற்றிய காட்சிக்கூடத்தைப் புதுப்பிக்கிறார்களாம். அங்கே இருக்கும் சங்கை முப்பரிமாண அச்சில் வார்த்து ஒரு நகல் செய்து, பக்கத்தில் ஒரு பொத்தான் வைக்கப்போகிறார்களாம். பார்வையாளர் அழுத்தினால் சங்கொலி கேட்கும். அதற்காக நான் எழுதிய பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எடை இருக்கிறது, நீளம் இருக்கிறது, வெடிப்புகளின் அளவு இருக்கிறது, அன்றைய அறையின் ஈரப்பதம்கூட இருக்கிறது. "ஒலித்த நேரம், விநாடிகளில்" என்ற கட்டம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நீங்கள் எதையும் விடாமல் எழுதுகிறவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இதை எப்படி விட்டீர்கள், எத்தனை விநாடி என்று நினைவிருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள்.

கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் எனக்கு அன்று முழுதும் சாப்பாடு இறங்கவில்லை. லிட்கம் ஸ்டேஷன் வரை நடந்து திரும்பினேன். என் மனைவி சரோ யாழ்ப்பாணத்துக்காரி. சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இஞ்சருங்கோ, ஒரு ஈமெயிலுக்கு இந்தப் பாடோ? தெரியாது எண்டு எழுதிப்போட்டு வந்து சாப்பிடுங்கோ" என்றாள். தெரியாது என்று எழுதுவது பொய்யில்லை. ஆனால் அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதைத்தான் அந்த இரண்டு தம்பிமாருக்கும் இங்கே எழுதுகிறேன்.

நான் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. விடியும் முன் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டால் தொழிலாளர் குடியிருந்த லயங்களிலிருந்து எல்லாரும் பிரட்டுக்களத்துக்கு வந்து வரிசையாக நிற்க வேண்டும். அப்பா விரல் நீட்டித் தலைகளை எண்ணுவார். எனக்கு எதையும் எண்ணும் வியாதி அங்கிருந்து வந்தது. பிறகு பேராதனையில் வேதியியல், எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு சிட்னி, ஆபர்ன் பக்கம் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் சாயம் சோதிக்கும் வேலை. அங்கிருந்து அருங்காட்சியகத்துக்கு. இருபத்தேழு வருடம். பெரும்பாலும் உலோகம், எலும்பு, ஓடு.

என்னை வேலைக்கு எடுத்தவர் ஹெலன். பாதுகாப்புக் கூடத்தின் தலைவி. நல்ல உயரம், வெட்டிவிட்ட நரைமுடி, எப்போதும் ஒரே நீல நிற மேலங்கி. நேர்முகத்தில் என் பட்டத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மேசையில் ஒரு வெறும் தீப்பெட்டி இருந்தது. அதை எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

"எங்கே வைக்கப்போகிறீர்கள்?" என்றார்.

நான் விழித்தேன். கையில் தீப்பெட்டி. மேசை முழுதும் தாள்கள். ஹெலன் அவசரப்படவில்லை. எதையும் கையில் எடுக்குமுன் அதை எங்கே வைக்கப்போகிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அந்த இடம் காலியாக இருக்க வேண்டும், அங்கே மெத்தை போட்டிருக்க வேண்டும், அதன் பிறகுதான் கை நீள வேண்டும் என்றார். பொருட்கள் உடைவது எடுக்கும்போது இல்லையாம், எடுத்துவிட்டு இடம் தேடும்போதாம். அந்தக் கூடத்தில் அதுதான் முதல் சட்டம். அருங்காட்சியக இயக்குநரே வந்து ஒரு நாணயத்தைத் தொட்டாலும் ஹெலன் அதே கேள்வியைக் கேட்பார்.

அடுத்த சட்டங்கள் எளியவை. மோதிரம் கழற்று. பென்சில் மட்டும், பேனா கூடாது. கையில் பொருள் இருக்கும்போது பேசாதே. எதைப் பற்றியும் கருத்துச் சொல்லுமுன் கண்ணில் படுவதைச் சொல். "என்ன தெரிகிறது?" என்பார். நான் வெண்கலத்தில் இருப்பது குளோரைடு நோய் என்றால், அது முடிவு, என்ன தெரிகிறது என்று திரும்பக் கேட்பார். வெளிர்பச்சைப் பொடி தெரிகிறது என்று சொன்னால்தான் தலையசைப்பார். கோபமே வராது. அது எனக்குக் கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்தக் காட்சிக்கூடத்துக்கான வேலை தொடங்கியபோது ஹெலன் ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார், எனக்கும் ஐம்பத்தெட்டு. திட்டத்தை நடத்தியவர் வரலாற்றுப் பிரிவைச் சேர்ந்த சைமன். எங்களுக்கும் படிக்கக் கட்டுக்கட்டாகத் தாள்கள் கொடுத்தார். நான் ரயிலில் படித்தேன். இரண்டு முறை லிட்கமைத் தாண்டிப் போய்விட்டேன்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது என்னவென்றால், லண்டனில் சில நல்ல மனிதர்கள் மனம் இரங்கி அடிமை முறையை ஒழித்தார்கள் என்பது. பரீட்சையில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். இப்போது வாசிக்கிறேன்: பிரெஞ்சுக்காரருக்குச் சர்க்கரையும் காப்பியும் கொட்டிக்கொடுத்த தீவு ஒன்று. 1791இல் அங்கே அடிமைகள் எழுகிறார்கள். பிரெஞ்சுப் படை, ஸ்பானியப் படை, பிரிட்டிஷ் படை, பிறகு நெப்போலியன் அனுப்பிய படை. ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்கின்றன. 1804இல் ஹெயிட்டி என்று ஒரு நாடு பிறக்கிறது. எழுதப் படிக்க விடப்படாத மனிதர்கள், கரும்பு வெட்டும் கத்தியோடு தொடங்கியவர்கள். அதற்காக அந்த நாட்டைப் பல தலைமுறைக்குக் கடனில் அழுத்தினார்கள் என்பது வேறு கதை. ஆனால் அதன் பிறகு எந்தத் தீவிலும் எந்தத் தோட்ட முதலாளியும் நிம்மதியாகத் தூங்கவில்லை. 1831 கிறிஸ்துமஸில் ஜமைக்கா எழுந்தது. அதை இரத்தத்தில் அடக்கினார்கள். இரண்டு வருடத்துக்குள் லண்டனில் சட்டம் வந்துவிட்டது. அப்படி எழுந்தவர்களில் சிலரைக் கைதிகளாகக் கப்பலேற்றி எங்கள் நியூ சவுத் வேல்ஸுக்கே அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடம் நான் நடந்த இதே துறைமுகத்தில் இறங்கியிருப்பார்கள்.

அடிமைகள் விடுதலையான பிறகு கரும்புக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்போதுதான் நம்மவர்களை ஒப்பந்தம் போட்டு மொரிசியஸுக்கும் கரீபியனுக்கும் பிறகு பிஜிக்கும் ஏற்றினார்கள். இங்கே குயின்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களுக்குப் பசிபிக் தீவுகளிலிருந்து அறுபதாயிரத்துக்கும் மேலான ஒப்பந்தங்களில் மனிதர்களைக் கொண்டுவந்தார்கள். ஆசைகாட்டிச் சிலரை, பிடித்துக்கட்டிச் சிலரை.

சங்கு அந்தக் குயின்ஸ்லாந்துத் தோட்டம் ஒன்றின் பெரிய வீட்டிலிருந்து வந்தது. கொடுத்த குடும்பத்தின் குறிப்பு இரண்டு வரிதான்: மூதாதை கரீபியன் தீவில் தோட்டம் வைத்திருந்தார், அங்கு தொழில் நொடித்ததும் குயின்ஸ்லாந்து வந்தார், இது அவர் கூடவே கொண்டுவந்த அலங்காரச் சங்கு. நம் கோயில் சங்கு மாதிரி வெள்ளை இல்லை அது. கனமான கரீபியன் சங்கு, வாயின் உட்புறம் இளஞ்சிவப்பு, நுனி கூராக முழுதாக இருந்தது.

காட்சிப்பொருட்களுக்குத் தாங்கிகள் செய்பவர் நஸீர். கல்முனைக்காரர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், பித்தளைக் கம்பியை நூல்போல வளைப்பார். சங்கைப் பார்த்ததும், "சேர், இது ரெண்டு கிலோவுக்கு மேல வரும். உங்கட கோயிலுக்கு இதக் குடுத்தா ஐயருக்குக் கை சுளுக்கிரும்" என்றார். அவர் அளவெடுத்துக்கொண்டு போன மறுநாள், அந்தத் தோட்டத்தில் வேலை செய்தவர்களின் வாரிசான ரூபி அன்ரி, ஹெலனையும் சைமனையும் என்னையும் பார்க்க வந்தார்.

இந்த நாட்டில் முதற்குடி மக்களும் தீவு மக்களின் வாரிசுகளும் தங்கள் மூத்த பெண்களை அன்ரி என்றுதான் அழைப்பார்கள். எங்கள் வழக்கமும் அதுவே என்பதால் எனக்கு வாயில் சுலபமாக வந்தது. ரூபி அன்ரிக்கு வயது எண்பத்தொன்று. ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. கைத்தடி, சிவப்புத் தொப்பி. மகள் லோரா கூட்டிவந்திருந்தார். லோரா பஸ் ஓட்டுநர். சீருடையோடு வந்து சுவரோரக் கதிரையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுடைய இந்தக் கதையைப் பிறந்த நாளிலிருந்து கேட்டு அலுத்தவர் என்று முகத்தில் தெரிந்தது.

ரூபி அன்ரியின் பூட்டனாரை, கொள்ளுத்தாத்தாவை, ஒரு பசிபிக் தீவிலிருந்து கொண்டுவந்து அந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்ட விட்டார்கள். அவர் மனைவி பூட்டியாருக்குப் பெரிய வீட்டுச் சமையலறையில் வேலை. வீட்டின் முன் விறாந்தையில் ஒரு கொக்கியில் சங்கு தொங்கும். கங்காணி மட்டும்தான் தொடலாம். விடியலில் அவன் ஒரே மூச்சில் நீளமாக ஊதுவான். கேட்டதும் எல்லாரும் முற்றத்துக்கு வந்து நிற்க வேண்டும். வராதவனுக்கு அடி.

ஒருநாள் ஒருவனைப் பிடித்துக் கருவிக் கொட்டிலில் அடைத்துவிட்டார்கள். காய்ச்சலோடு கிடந்தவன், தண்ணீர் கொடுக்கவும் விடவில்லை. அறுவடைக் காலம். வெட்டிய கரும்பை உடனே ஆலையில் பிழியாவிட்டால் சாறு கெட்டுவிடும். நடுப்பகல். துரை வீட்டார் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். பூட்டியார் சமையலறையிலிருந்து வந்து, கொக்கியிலிருந்து சங்கை எடுத்து, கங்காணி ஊதுவதைப் போலவே ஒரே மூச்சில் ஊதினார்.

இந்த இடத்தில் ரூபி அன்ரி நிறுத்தி எங்கள் எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"வித்தியாசமா ஒண்டும் ஊதல்ல. அதே சத்தம்தான். நேரம்தான் வேற" என்றார். அவர் சொன்னது ஆங்கிலத்தில். என் காதில் அது விழுந்த விதத்தில் எழுதுகிறேன்.

வயலில் இருந்த எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தார்கள். சங்கு ஊதினால் வர வேண்டும் என்பது துரை போட்ட சட்டம். வந்தவர்களை எதற்காக அடிப்பது? ஆலை நின்றது. அவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை, கொட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பொழுது சாயும்போது கொட்டிலைத் திறந்துவிட்டார்கள். அந்த மனிதன் பிழைத்தான்.

பூட்டியாருக்கு இது எப்படித் தோன்றியது என்று சைமன் கேட்டார். அந்தச் சமையலறையில் ஒரு கிழச் சமையற்காரி இருந்தாளாம். துரை கரீபியனிலிருந்து கூட்டிவந்த கறுப்பினப் பெண். அவளுடைய தீவில் அவளுடைய தாய் காலத்தில் அடிமைகள் எழுந்தபோது, தோட்டத்துக்குத் தோட்டம் சேதி சொன்னது இதே வேலைச் சங்குதானாம். உருளைக்கிழங்கு உரித்தபடி அவள் சொன்னதைப் பூட்டியார் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஒரு கடலில் தோற்கடிக்கப்பட்ட எழுச்சி இன்னொரு கடலின் கரையில், மொழி சரியாகத் தெரியாத ஒரு பெண்ணின் காதில் போய் விழுந்திருக்கிறது. நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் சைமனின் சங்கடம் வேறு. எங்கள் மேசையில் இருந்த சங்குக்கு ஊதும் துளையே இல்லை. நுனி முழுசாக இருக்கும் சங்கை எவரும் ஊத முடியாது.

சைமன் அதை மறைக்காமல் சொன்னார். இந்தக் கதையை எழுதி வைத்தால், முதலில் வருகிற ஒரு குதர்க்கக்காரன் சங்கின் நுனியைக் காட்டி உங்கள் குடும்பம் முழுவதையும் பொய்யாக்கிவிடுவான், அதற்கு நான் இடம் கொடுக்க முடியாது என்றார். அலங்காரச் சங்கு என்றுதான் குறிப்பு எழுத வேண்டியிருக்கும் என்றார். ரூபி அன்ரி அழவில்லை. கைத்தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவருடைய குடும்பத்துக்கு நிலம் மிஞ்சவில்லை, பூட்டனாரின் சொந்தப் பெயர்கூட மிஞ்சவில்லை, துரை வைத்த பெயர்தான். மிஞ்சியது அந்த நடுப்பகல் ஒன்றே. அதைத்தான் நாங்கள் இல்லை என்கிறோம்.

"எனக்கு என்ர பூட்டியத் தெரியும். இந்தச் சங்கத்தான் எனக்குத் தெரியாது" என்றார்.

ஹெலன் என் பக்கம் திரும்பினார். "என்ன தெரிகிறது?"

நுனி தெரிகிறது என்றேன். நிறம் கொஞ்சம் சாம்பல் ஓடியிருக்கிறது. சுற்றுகளை எண்ணினால் கடைசிச் சுற்றின் மேடு மற்றவற்றின் ஒழுங்கில் இல்லை. சரி, படம் எடுங்கள் என்றார் ஹெலன்.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தோம். சங்கின் உள்ளே சுவர்கள் சுழல்படிக்கட்டு போல மேலே போகும். படத்தில் அவை அழகாக ஏறி, நுனிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிட்டன. அதற்கு மேல் படிக்கட்டே இல்லை, ஒரே வெள்ளைக் கட்டி. சாந்து. துளையை அடைத்து, கூராக நுனி பிடித்து, சுற்றுகள் போல வரைந்து, நிறம் பூசியிருந்தார்கள். சாந்தும் சாயமும் எங்கள் காலத்தவை அல்ல. யாரோ நிதானமாக, நல்ல கைத்திறனோடு அந்த வாயை மூடியிருக்கிறார்கள். அந்த வீட்டின் ஆட்கள்தான் செய்திருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது ஹெலன், அது முடிவு என்றார். ஆனால் குரல் வழக்கம்போல இல்லை.

நான் எக்ஸ்ரே படம் மாட்டிய ஒளிப்பெட்டிக்கு முன் நெடுநேரம் நின்றேன். துப்பாக்கி வைத்திருந்தவர்கள். குதிரை வைத்திருந்தவர்கள். சட்டமும் நீதிமன்றமும் வைத்திருந்தவர்கள். ஒரு சங்குக்குப் பயந்து அதன் வாயில் சாந்து அடைத்திருக்கிறார்கள்.

சாந்தை எடுப்பதா வேண்டாமா என்று குழு கூடிப் பேசியது. எடுக்கலாம் என்று முடிவானது. எடுத்த துண்டுகளையும் பாதுகாக்க வேண்டும், மூடியதும் வரலாறுதான் என்றார் சைமன். அந்த வேலை என் கைக்கு வந்தது. மேற்பூச்சைப் பஞ்சுக்குச்சியில் கரைப்பான் தொட்டு உருட்டி எடுக்க வேண்டும். துடைத்தால் கீறும், உருட்டத்தான் வேண்டும். பிறகு நுண்நோக்கியின் கீழ், நனைத்த சாந்தை மெல்லிய கத்தியால் அரிசி அளவு அரிசி அளவாகச் சுரண்ட வேண்டும். பழைய சேகரிப்புகளில் பூச்சி அரிக்காமல் ஆர்செனிக் தடவும் பழக்கம் இருந்ததால் ஒவ்வொரு கட்டத்திலும் அதற்கும் சோதிக்க வேண்டும். இரண்டு வாரம் எடுத்தது.

கடைசித் துண்டு வந்த பிறகு துளையின் விளிம்பைப் பார்த்தேன். அறுத்த ஓட்டின் விளிம்பு சொரசொரவென்றுதான் இருக்க வேண்டும். இது கண்ணாடிபோல வழுவழுப்பாக, ஒரு பக்கம் சற்றுத் தேய்ந்து பள்ளமாக இருந்தது. உதடு பட்டுப் பட்டுத் தேய்ந்த தேய்வு. அத்தனை விடியல்கள். கரீபியனில் எத்தனை, குயின்ஸ்லாந்தில் எத்தனை என்று கணக்குப் போடப் பார்த்தேன், முடியவில்லை. இவற்றில் ஒரேயொரு நடுப்பகலும் இருந்தது.

ரூபி அன்ரி வந்து விளிம்பைப் பார்த்தார். தொடவில்லை. சைமன் புதிய குறிப்பை வாசித்துக் காட்டினார்: வேலைக்கு அழைக்கும் சங்கு, பின்னர் துளை அடைக்கப்பட்டது, குடும்ப மரபு கூறுவது இது என்று கதை முழுதும். அடைத்ததன் காரணத்தை நிரூபிக்க முடியாது என்பதும் ஒரு வரியில் இருந்தது. அது நியாயம் என்று அன்ரி ஒப்புக்கொண்டார். பிறகு, இதை ஒருமுறை ஊத வேண்டும் என்றார்.

சங்கில் மூன்று மயிரிழை வெடிப்புகள் இருந்தன. ஒன்று வாய் விளிம்பிலிருந்து உள்ளே ஓடியது. அதிர்வில் எது எங்கே பிளக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஊதக்கூடாது என்று காரணங்களோடு ஒரு பக்கம் எழுதி ஹெலனிடம் கொடுத்தேன். என் தொழில் அறிவுக்கு அது சரியான பரிந்துரை. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஹெலன் அதை அன்ரிக்கு முன்னாலேயே வாசித்தார்.

அன்ரி என்னைப் பார்த்தார். "எனக்கு எண்பத்தொரு வயசு தம்பி. இடுப்பில ஒரு வெடிப்பு, முழங்கால்ல ரெண்டு. என்னையும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிடுவியோ?"

லோரா போனிலிருந்து தலையை எடுக்காமல், "வச்சாலும் உள்ள இருந்து கதைச்சுக்கொண்டுதான் இருப்பா" என்றார்.

ஹெலன் சிரிக்கவில்லை. என் தாளைக் கோப்பில் வைத்தார். பிளந்தால் ஒட்ட நமக்குத் தெரியும் என்றார். முப்பது வருடமாக நான் அதைத்தானே செய்கிறேன் என்றார். எனக்கு அவருடைய பதில் நம்ப முடியாததாக இருந்தது. ஒரு நாணயத்தை இயக்குநர் தொடுவதற்கே மெத்தை போடச் சொன்னவர்.

அன்ரி இரண்டு நிபந்தனை வைத்தார். நடுப்பகலில்தான் ஊத வேண்டும். ஒலிப்பதிவு கூடாது. "இது பாட்டு இல்ல, கூப்பிடுற சத்தம். கேட்டவன் வரவேணும். டேப்பில கேட்டா எங்க வாறது?" என்றார். அதனால்தான் ஒலிப்பதிவு இல்லை, தம்பிமாரே. அதற்குப் பதிலாக, எத்தனை விநாடி ஒலித்தது என்றாவது எழுதிவைப்போம் என்று ஹெலன் சொன்னார். அதை என்னிடம் ஒப்படைத்தார். வேறு யாரிடம் ஒப்படைப்பார்?

குறித்த நாள் சாதாரண வேலைநாள். மேலே காட்சிக்கூடத்துக்குத் தச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. கீழே கூடத்தில் நாங்கள் ஐந்து பேர்: ஹெலன், சைமன், அன்ரி, லோரா, நான். மேசையில் மெத்தைமேல் சங்கு. மணி பன்னிரண்டாகும் நேரம் அன்ரி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"எங்கே வைக்கப்போகிறீர்கள்?" என்றார் ஹெலன்.

அன்ரிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினார். "இந்த மனுசன்ட கையில. இவர்தான் எல்லாரையும்விடப் பயந்துபோய் நிக்கிறார். கவனமா வாங்குவார்."

ஆகவே நான் நிறுத்தற்கடிகாரத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஏந்தியபடி நிற்க வேண்டியதாயிற்று. மனதுக்குள் எண்ணுங்கள் என்றார் ஹெலன். அதற்கென்ன, படியேறினாலும் எண்ணுகிறவன்தானே நான்.

அன்ரி ஊதினார். காற்று மட்டும் வந்தது. மூச்சு வாங்கி மறுபடி ஊதினார். மறுபடி காற்று. பூட்டிக்கு நல்ல பல் இருந்தது போல என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. சைமன் தரையைப் பார்த்தார். சுவரோரத்தில் கதிரை நகர்ந்தது. லோரா எழுந்து வந்தார்.

"தா அம்மா" என்றார். பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் ஏழு வருடம் டிராம்போன் ஊதியவராம். அது எங்கள் யாருக்கும் தெரியாது. சங்கை வாங்குமுன் அவராகவே என் கைகளைப் பார்த்துத் தலையசைத்தார். சீருடைச் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றினார். உதட்டை நனைத்தார்.

கோயில் சங்கின் ஒலி எனக்குத் தெரியும். இது அது இல்லை. அதைவிடத் தாழ்ந்த ஒலி, வயிற்றுக்குள்ளிருந்து எழுவது போல. முதலில் என் ஏந்திய உள்ளங்கைகளில் பட்டது, பிறகுதான் காதுக்கு வந்தது. அலமாரிக் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஒன்று என்று எண்ணினேன்.

அதற்கு மேல் நான் அங்கே இல்லை. தேயிலைத் தோட்டத்தில் ஒரு பின்னேரம், எனக்கு எட்டோ ஒன்பதோ வயது. பிரட்டுக்களத்தில் தப்பு அடித்தது. விடியலில் மட்டும் அடிக்கும் தப்பு, அதே அடி. மலையிலிருந்து எல்லாரும் கூடையோடு இறங்கி வந்தார்கள். வரிசையாக நிற்கவில்லை, கூட்டமாக நின்றார்கள். அப்பா விரலை நீட்டிக்கொண்டு எண்ணப் பார்த்தார், திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார், வரிசை இல்லாமல் அவருக்கு எண்ண வரவில்லை. தப்படிக்கிறவன் குடித்துவிட்டு நேரம் தெரியாமல் அடித்துவிட்டான் என்று அப்பா சாகும்வரை சொன்னார். நானும் அதை ஒரு வேடிக்கைக் கதையாகச் சரோவுக்குச் சொல்லியிருக்கிறேன். இப்போது தெரிந்தது, அவன் குடிக்கவில்லை. என் தோட்டத்துத் தப்புக்காரனுக்குக் கரீபியனைத் தெரியாது, குயின்ஸ்லாந்தைத் தெரியாது. இவர்கள் கதையை அவனுக்கு யாராவது சொன்னார்களா, அவனாகவே கண்டுபிடித்தானா? தெரியாது. அன்று அவர்கள் கேட்டது என்ன, கிடைத்ததா என்பதும் எனக்குத் தெரியாது. அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை.

ஒலி நின்றது. லோரா சங்கை என் கைகளில் வைத்தார். சூடாக இருந்தது.

கதவு திறந்திருந்ததை அப்போதுதான் கண்டோம். நஸீர் நின்றார், அவர் பின்னால் தச்சர்கள், காவலர்கள், கஃபேயில் காப்பி போடும் பெண், நுழைவுச்சீட்டு ஒட்டிய பார்வையாளர்கள் சிலர், ஒரு குழந்தை வண்டியோடு ஒரு தகப்பன். மாடிப்படி வரை ஆட்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. நஸீரின் கைகள் வெறுமையாக இருந்தன, வேலை நேரத்தில் அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"கம்பியப் போட்டுட்டு வந்திட்டன் சேர்" என்றார் மெதுவாக. "ஏன் வந்த எண்டு தெரியா."

ரூபி அன்ரி திரும்பி அவர்களைப் பார்த்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார். லோரா அம்மாவின் தோளில் நெற்றியை வைத்து நின்றார்.

எல்லாரும் போன பிறகு ஹெலன் பென்சிலை எடுத்தார். வெடிப்புகளை அளந்தேன். மூன்றுதான், ஒன்றும் நீளவில்லை. ஹெலன் எழுதிக்கொண்டார். எத்தனை விநாடி என்று கேட்டார்.

எண்ணவில்லை என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கதவருகே எத்தனை பேர் நின்றார்கள் என்று அடுத்துக் கேட்டார். அதையும் எண்ணவில்லை. வரிசையில் நிற்கவில்லை என்றேன், ஏதோ அது காரணம் போல. ஹெலன் அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போனார். குத்துமதிப்பாக ஒரு எண்ணைப் போடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கட்டம் அப்படியே இருக்கிறது.

தம்பிமாரே, பொத்தான் வேண்டாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ரூபி அன்ரி இப்போது இல்லை, ஹெலனும் தாஸ்மேனியாவுக்குப் போய்விட்டார். ஆனால் லோரா இன்னும் பஸ் ஓட்டுகிறார். விநாடி தெரிய வேண்டுமென்றால் அவரிடம் போய்க் கேளுங்கள். ஒலிப்பதிவுக்கு அவர் ஒப்புவாரா என்று எனக்குத் தெரியாது. கருவியை மூடிவைத்துவிட்டு ஒரு வேலைநாளில் நடுப்பகலுக்குக் கூப்பிட்டால் வருவார் என்று நினைக்கிறேன். கூடத்தின் கதவைத் திறந்து வையுங்கள். எனக்கும் சொல்லி அனுப்புங்கள், லிட்கமிலிருந்து ரயில் அரை மணிதான்.

சங்கை அவர் கையில் எடுக்குமுன், எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று மறக்காமல் கேளுங்கள். உங்களில் யாராவது ஒருவர் அப்போது கையை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும்.